பரந்தனில் விளைந்த வாயு

உயர்தர வகுப்பிலே இரசாயனவியல் பயிலும் மாணவர் ஒருவரை அழைத்து, செறிந்த உப்புநீரினூடாக மின்னைச் செலுத்தினால் யாது நிகழும் என்று வினவிப் பாருங்கள். அனோட்டிலே குளோரீன் வாயு எழும். கதோட்டிலே ஐதரசன் எழும். கலத்திலே சோடியம் ஐதரொட்சைட்டு, அதாவது எரிசோடா, உண்டாகும் என்று அவர் தட்டுத் தடங்கலின்றி ஒப்புவிப்பார். மென்சவ்வுக் கலத்தின் படத்தையும் பிழையின்றி வரைந்து காட்டுவார். இங்ஙனம் விடையிறுத்த மாணவர் கிளிநொச்சியிலோ, தருமபுரத்திலோ, விசுவமடுவிலோ வாழ்பவராயின் அவரிடம் இன்னொரு வினாவையும் தொடுக்கலாம். இவ்வினை நம் மண்ணிலே பெருமளவில் நிகழ்ந்த இடம் யாது? பெரும்பாலோர் விழிப்பர். ஏ-9 வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரிந்து செல்லும் பரந்தன் சந்தியை நாள்தோறும் பேருந்திலே கடந்து பாடசாலைக்கு வருபவரும் விழிப்பர்.

பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை 1950-களிலே அரசினரால் நிறுவப்பட்டது. வடக்கே சில மைல் தொலைவிலுள்ள ஆனையிறவு உப்பளத்திலே உப்பு விளைந்தது. அந்த உப்பே இங்கு மூலப்பொருளாயிற்று. வெயிலும் கடல்நீரும் இயற்கை தந்தவை. மின்னாற்றலும் மனித உழைப்பும் சேர்ந்தபோது எரிசோடாவும் குளோரீனும் வெளிப்போந்தன. எரிசோடா சவர்க்காரம் செய்வோருக்குப் போயிற்று. குளோரீன் நாட்டின் குடிநீரைத் தூய்மை செய்யப் போயிற்று. பின்னர் போர் வந்தது, உற்பத்தி நின்றது, கட்டடங்கள் சிதைந்தன. பரந்தனின் பெயரைத் தாங்கிய அரச நிறுவனம் பிற நாடுகளிலிருந்து குளோரீனைத் தருவித்து விநியோகிக்கும் நிலைக்கு வந்தது. ஒரு காலத்தில் எரிசோடா உற்பத்தி செய்த அதே வட பகுதியிலே, பொருளாதாரத் தடை நிலவிய நாள்களில் சவர்க்காரத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட, பனம்பழத்தால் ஆடை துவைத்த கதையை இன்றைய மாணவர் தம் பாட்டிமாரிடம் கேட்டறியலாம்.

இவையெல்லாம் வரலாற்றுப் பாடத்துக்குரியவை, இரசாயன ஆசிரியருக்கு இவற்றால் ஆவதென்ன என்று சிலர் கேட்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. சமன்பாடு பிழையன்று, ஆயின் அது பாதிப் பாடம். விளைபொருள் எங்கே போகிறது, எவர் கையிலே சேர்கிறது, எவர் மீது படிகிறது என்பன மற்றைப் பாதி. இப்பாதியை இரசாயன வகுப்பிலிருந்து எடுத்துச் சமய பாடத்துக்கு அனுப்பிவிட்டோம். சமய பாடத்திலோ பாற்கடல் கடைந்த கதையைக் கற்பிக்கிறோம். ஒரே கடைதலில் அமுதும் நஞ்சும் எழுந்தன என்று பிள்ளைகள் எழுதுகின்றனர், புள்ளியும் பெறுகின்றனர். நஞ்சை உண்டு கண்டத்திலே தாங்க ஒரு பெருமான் இருந்தமையால் அக்கதை நன்மையாக முடிந்தது. தொழிற்சாலைக்கும் ஆய்வுகூடத்துக்கும் அப்படியொரு ஏற்பாடு கிடையாது.

குளோரீனையே எடுத்துக்கொள்வோம். அதன் சார் மூலக்கூற்றுத் திணிவு 71. காற்றினது சராசரி ஏறத்தாழ 29. ஆகவே குளோரீன் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு அடர்த்தியானது. மேலெழாது தாழ்வான இடத்தை நாடிப் பாயும். இக்கணக்கைச் சாதாரண தர மாணவரும் ஒரு நிமிடத்திலே செய்வர். 1915 ஏப்ரல் 22 ஆம் நாள் மாலையிலே பெல்ஜிய நாட்டு ஈப்பிர் நகருக்கருகில் செருமானியப் படையினர் செய்ததும் இக்கணக்கே. உருளைகளிலே அடைத்திருந்த 150 தொன்னுக்கு மேற்பட்ட குளோரீனை, காற்று எதிரியின் பக்கமாக வீசும் வேளை பார்த்துத் திறந்துவிட்டனர். பச்சை கலந்த மஞ்சள் நிறப் புகை நிலத்தோடு தவழ்ந்து சென்று அகழிகளிலே இறங்கியது. குண்டுக்குத் தப்புவதற்காக நிலத்துக்குள் ஒளிந்திருந்தவர்களை அது தேடிப் பிடித்தது. நுரையீரலின் ஈரத்திலே கரைந்து அமிலமாகி, நீரின்றியே அவர்களை மூழ்கடித்தது.

இப்பகுதியைக் கற்பிக்கும்போது வன்னியாசிரியருக்கு ஒரு வசதி உண்டு. வேதனை தரும் வசதிதான். அகழி என்றால் என்ன என்று இங்கே விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு பதுங்குகுழி வெட்டி வாழ்ந்த மக்களின் பிள்ளைகள் இவர்கள். 71, 29 என்ற இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு ஈப்பிரைப் பற்றிச் சொன்ன ஒரு நாள், பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி, "பங்கருக்குள்ள இருந்தால் தப்பலாம் எண்டு அம்மா சொல்லுறவ. இதுக்கு பங்கருக்குள்ள இருந்தாத்தான் சாவு, என்ன சேர்?" என்று கேட்டாள். அடர்த்தியைப் பற்றி அதனினும் தெளிவான விடையை எந்த வினாத்தாளிலும் நாம் கண்டதில்லை.

ஈப்பிரிலே அவ்வாயுவை ஏவும் வேலையை முன்னின்று நடத்தியவர் பிரிற்ஸ் ஏபர் என்னும் இரசாயனவியலாளர். இப்பெயரை நம் மாணவர் நன்கு அறிவர். நைதரசனையும் ஐதரசனையும் இணைத்து அமோனியா ஆக்கும் ஏபர் முறையின் ஏபர் அவரே. வெப்பநிலை, அமுக்கம், இரும்பு ஊக்கி என்று மூன்றையும் மனனம் செய்து வைத்திருக்கும் மாணவருக்கு, அந்த மனிதர் அவ்வசந்தத்திலே எங்கே நின்றார் என்பது மாத்திரம் தெரியாது. அவர் மனைவியார் கிளாரா இமர்வாரும் இரசாயனவியலிலே கலாநிதிப் பட்டம் பெற்றவர். பெண்கள் அப்பட்டம் பெறுவது அரிதாயிருந்த 1900 ஆம் ஆண்டிலே பெற்றவர். ஈப்பிர் நிகழ்ந்து பத்தே நாள்களில், 1915 மே 2 ஆம் நாள், அவர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். காரணத்தைப் பற்றி வரலாற்றாசிரியர் பலவாறு கூறுவர். ஏபரோ போர்ப் பணியைத் தொடர்ந்தார். 1918 ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அமோனியாவுக்காக அவருக்குக் கிடைத்தது. யூதக் குலத்திலே பிறந்தவராதலின் 1933 இல் தம் நாட்டைவிட்டே நீங்க நேர்ந்து, மறு ஆண்டு சுவிற்சர்லாந்திலே காலமானார்.

ஐரோப்பாவைப் பற்றிப் பேசுவது எளிது. தொலைவு நமக்கு நீதிபதி ஆசனத்தைத் தந்துவிடுகிறது. நம் பக்கத்தைப் பற்றியும் பேச வேண்டும். 1990 யூன் மாதத்திலே மட்டக்களப்பு மாவட்டத்துக் கிரான் இராணுவ முகாம் மீது நடத்திய தாக்குதலில் விடுதலைப் புலிகள் குளோரீன் வாயுவைப் பயன்படுத்தினர் என்றும், அரசல்லாத அமைப்பொன்று போரிலே இரசாயன ஆயுதத்தை ஏவிய முதல் நிகழ்ச்சி அதுவே என்றும் அமெரிக்க ஆய்வாளர் புரூஸ் ஹொவ்மன் 2009 இல் வெளியான தம் கட்டுரையிலே எழுதியுள்ளார். இதனை வகுப்பிலே சொல்லலாமா என்று ஆசிரிய நண்பர்களிடையே கேட்டபோது பலர் மௌனம் சாதித்தனர். அம்மௌனம் நமக்கு விளங்காததன்று. இம்மண்ணிலே இழப்பில்லாத வீடு இல்லை. ஒரு சொல் வேறெதற்கோ சான்றாகிவிடுமோ என்ற அச்சமும் உண்டு. ஆயினும் ஈப்பிரைச் சொல்லிக் கிரானைச் சொல்லாது விடும் ஆசிரியர், கொடுமை என்பது பிறர் மாத்திரம் செய்வது என்ற பாடத்தையும் சேர்த்தே கற்பித்து விடுகிறார். வாயுவுக்குச் சீருடை தெரியாது. 1915 செத்தெம்பரில் பிரான்சு நாட்டு லூஸ் என்னுமிடத்தே பிரித்தானியர் ஏவிய குளோரீன், காற்றுத் திரும்பியபோது அவர்தம் படைவீரரையே தாக்கியது.

நிற்க. குளோரீனை ஒரு கொடிய பொருள் என்று மாத்திரம் பிள்ளைகள் எண்ணிக்கொண்டு வீடு செல்வார்களாயின் அதுவும் அரைகுறைப் பாடமே. நீரிலே கரைந்த குளோரீன் ஐப்போகுளோரசு அமிலத்தைத் தருகிறது. அவ்வமிலம் நுண்ணுயிர்களின் சுவரைக் கடந்து உட்புகுந்து, ஒட்சியேற்றத்தினாலே அவற்றை அழிக்கிறது. அமெரிக்க நாட்டு யேர்சி நகரத்தின் குடிநீருக்கு 1908 இலே தொடர்ச்சியாகக் குளோரீன் சேர்க்கத் தொடங்கினர். அதன் பின் உலகெங்கும் வாந்திபேதியும் நெருப்புக்காய்ச்சலும் பின்வாங்கின. இதற்கும் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 2009 இலே செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களிலே இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் கூடாரங்களில் அடைபட்டிருந்தபோது, அருவியாற்று நீரைத் தெளியவைத்துக் குளோரீன் இட்டே குடிக்கக் கொடுத்தனர். அந்த நீரின் மணத்தை இன்றும் மறவாதவர் பலர். அம்மணத்தை வெறுத்தவர்களும் அதனாலே பிழைத்தவர்களும் ஒருவரே.

ஆகவே குளோரீனைத் தடைசெய்வது என்ற பேச்சுக்கு இடமில்லை. உலக நாடுகளும் இதனை உணர்ந்தே நடந்துகொண்டன. 1993 இலே கையொப்பத்துக்கு வைக்கப்பட்டு 1997 இலே நடைமுறைக்கு வந்த இரசாயன ஆயுதச் சமவாயத்தை இலங்கை 1994 இலே ஏற்றுக்கொண்டது. அச்சமவாயத்தின் பட்டியல்களிலே குளோரீனின் பெயர் இல்லை. ஆயினும் எந்த இரசாயனப் பொருளையும் அதன் நச்சுத்தன்மை கொண்டு மனிதரைத் தாக்கும் நோக்கத்தோடு வைத்திருப்பதும் ஏவுவதும் குற்றமென்று அது விதிக்கிறது. இங்ஙனம் சட்டமே பொருளை விட்டு நோக்கத்தைப் பார்க்கிறது. நம் பாடநூலோ பொருளை மாத்திரம் பார்க்கிறது. சட்டம் பயில்வோருக்குத் தெரிந்த இவ்விடயம் இரசாயனம் பயில்வோருக்குத் தெரியாதிருப்பது விந்தையே.

குளோரீனின் கிளைக்கதை ஒன்றையும் ஈண்டு சுருங்கச் சொல்வோம். ஐந்து குளோரீன் அணுக்களைத் தாங்கிய டி.டி.ரி. என்னும் பூச்சிகொல்லி இல்லாதிருந்தால் இன்றைய வன்னி இல்லை எனலாம். மலேரியாவே நெடுங்காலமாக இப்பகுதியைக் காடாக வைத்திருந்த காவற்காரன். 1934-35 கொள்ளைநோயிலே இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1940-களின் நடுவிலே டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கியபின் நோய் குன்றிக் குன்றி, 1963 ஆம் ஆண்டிலே நாடு முழுவதிலும் 17 பேருக்கே கண்டது. வெற்றி கைகூடிற்று என்று காவலைத் தளர்த்தினர். 1967-69 இலே நோய் இலட்சக்கணக்கானோரைப் பற்றியது. இதற்கிடையிலே 1962 இல் றேச்சல் கார்சன் அம்மையாரின் நூல் வெளிவந்து, அதே டி.டி.ரி. பறவைகளுக்கும் நீர்நிலைகளுக்கும் இழைத்த தீங்கை உலகறியச் செய்தது. இலங்கை மலேரியா அற்ற நாடென உலகச் சுகாதார நிறுவனம் 2016 இலே அறிவித்தது. ஒரே பொருள் குடியேற்றத் திட்டங்களுக்கு வழி திறந்தது, பறவை முட்டையின் ஓட்டையும் மெலியச் செய்தது. இவ்விரண்டில் எதை முதலிலே கூறுவது என்பதிலேயே ஆசிரியரின் சார்பு வெளிப்பட்டு விடும்.

இனி ஏபரின் அமோனியாவுக்கு வருவோம். அதிலிருந்து பிறப்பது யூரியா. நிறைப்படி அதன் 46 வீதம் நைதரசன். இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் விதைக்கும் கமக்காரருக்கு இவ்வெண் தெரியாது; பயிர் மஞ்சளித்தால் எத்தனை கிலோ வீச வேண்டும் என்பது தெரியும். போர்க்காலத்திலே வெடிபொருள் செய்யப் பயன்படும் என்ற காரணத்தால் யூரியா வன்னிக்குள் வருவதை அரசு தடுத்தது. அக்காரணம் இரசாயன முறைப்படி பொய்யன்று. ஆயினும் அதன் விலையைச் செலுத்தியவர் வயலிலே நின்ற குடும்பத்தினர். பின்னர் போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த நிலையில், 2021 மே மாதத்திலே, இரசாயன உரங்களினதும் கமத்தொழில் இரசாயனங்களினதும் இறக்குமதியை அரசு ஒரே வர்த்தமானியால் நாடு முழுவதற்கும் நிறுத்தியது. இம்முறை கூறிய காரணம் மக்களின் உடல்நலமும் மண்ணின் நலமும். எதிர்ப்பு எழவே நவம்பரிலே தடையை நீக்கினர். அதற்குள் அவ்வாண்டுக் காலபோகத்துக்கு உரிய பருவம் தவறிவிட்டது. விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது.

இரண்டு தடைகளுக்கும் நடுவே ஒரு மாணவர் கேட்க வேண்டிய கேள்விகள் பல உள. ஓர் ஏக்கர் நெல் மண்ணிலிருந்து எவ்வளவு நைதரசனை எடுக்கிறது? அதனைச் சாணத்தாலும் பசுந்தாளாலும் ஈடுசெய்ய எத்தனை தொன் வேண்டும்? அத்தனை சாணம் எங்கே இருக்கிறது? இவை எல்லாம் மூல் கணக்குகளே. இக்கணக்கை ஒரு வகுப்பு மாணவர் செய்து பார்த்திருந்தால் ஆறு மாதத்திலே முழு நாட்டையும் மாற்றிவிடலாம் என்று எவரும் நம்பியிருக்க மாட்டார். மறுபுறம், கேட்ட அளவைவிட இரு மடங்கு யூரியாவை வீசிவிட்டு எஞ்சியதைக் குளத்திலும் கிணற்றிலும் கலக்கவிடும் நம் வழக்கத்தையும் அதே கணக்கு காட்டிக் கொடுத்திருக்கும். அறநெறி என்பது உபதேசம் என்று எண்ணுவோர்க்கு நாம் கூறுவது இதுவே: பல வேளைகளில் அது எண்ணிப் பார்த்தல் மாத்திரமே.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதனை நாம் அசட்டை செய்யவில்லை. பாடத்திட்டம் பெரிது, காலம் சிறிது. வன்னியிலே இரசாயனவியலுக்கு ஆசிரியர் கிடைப்பதே அரிது. ஆய்வுகூடத்திலே குழாய் இருந்தால் அமிலம் இல்லை, அமிலம் இருந்தால் நீர் இல்லை. இந்நிலையில் பரீட்சைக்கு வராததைப் பேசிப் பொழுதைக் கழிப்பது ஏழைப் பிள்ளையின் பல்கலைக்கழக வாய்ப்பைக் கெடுக்கும் என்பர். இது நியாயமான அச்சம். ஆனால் நாம் தனிப்பாடவேளை கேட்கவில்லை. கைத்தொழில் பற்றிய அலகு உயர்தரப் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. எரிசோடாவும் அமோனியாவும் சூழல் மாசும் அதிலே அடங்கியுள்ளன. அதனைக் கற்பிக்கும்போது ஜேர்மனியத் தொழிற்சாலையின் படத்துக்குப் பதிலாகப் பரந்தனைச் சொன்னால் கூடுதலாக ஐந்து நிமிடம் செல்லும். பிள்ளைக்கு அது மறக்காது; ஆகவே பரீட்சைக்கும் உதவும்.

ஒன்றை மாத்திரம் ஆசிரியர் தவிர்த்தல் வேண்டும். விடையைத் தாமே சொல்லி, பிள்ளைகளைத் தலையாட்ட வைத்தல் கூடாது. அவ்வாறு கற்ற அறம் மணியடித்ததும் மறந்துபோம். வீட்டிலே பெற்றோரும் அவ்வாறே. "இரசாயனம் எல்லாம் நஞ்சு" என்று உணவு மேசையிலே தீர்ப்புக் கூறும் தந்தையார், தம் பிள்ளை உண்ணும் உப்பும் ஓர் இரசாயனப் பொருளே என்பதை அப்பிள்ளையிடமே கேட்டறிவது நன்று.

பரந்தன் தொழிற்சாலையை மீளத் தொடங்கும் பேச்சு அண்மை ஆண்டுகளிலே எழுந்துள்ளது. ஆனையிறவிலே உப்பு மீண்டும் விளைகிறது. இன்று பதினேழு வயதுடைய மாணவர் சிலர் நாளை அங்கே வேலைக்குப் போகலாம் என்பதை எண்ணினால், வகுப்பிலேயே கேட்டுப் பழக வேண்டிய வினாக்கள் பல தோன்றும். எவ்வகைக் கலத்தை அமைப்பார்கள்? இரசக் கலத்தை 2025 ஆம் ஆண்டோடு ஒழிக்க வேண்டுமென்று 2013 ஆம் ஆண்டின் மினமாட்டா சமவாயம் கூறுகிறது, அது ஏன்? திரவக் குளோரீன் உருளைகளை எங்கே வைப்பார்கள்? வாடைக்காற்றிலும் சோளகத்திலும் வாயு எப்பக்கம் செல்லும். அப்பக்கத்திலே எத்தனை வீடுகள், எத்தனை பாடசாலைகள் உள்ளன? 1984 திசெம்பரிலே போபால் நகரத்து மக்கள் நள்ளிரவில் மடிந்தபோது, அத்தொழிற்சாலை மதிலை ஒட்டியே குடிசைகள் நெருங்கியிருந்தன. உள்ளே இருப்பது யாது என்று அங்கு வாழ்ந்தோர்க்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

இவ்வளவும் பெரிய காரியமாய்த் தோன்றும் ஆசிரியருக்கு நாம் ஒரு சிறிய தொடக்கத்தைக் கூறுவோம். மாரி வெள்ளம் வடிந்ததும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணறுகளுக்குக் குளோரீன் இட வருவார். பாடசாலைக் கிணற்றின் விட்டம் 4 மீற்றர், நீரின் ஆழம் 2 மீற்றர் என்று கொள்வோம். கொள்ளளவு ஏறத்தாழ 25 கனமீற்றர், அதாவது 25,000 லீற்றர். லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் குளோரீன் வேண்டுமாயின் 25 கிராம். வெளிற்றும் தூளிலே 30 வீதம் பயன்படு குளோரீன் இருக்குமாயின் 84 கிராம் தூள் போதும். கலங்கிய வெள்ளநீருக்கு இது போதாது. எவ்வளவு கூட்டுவது என்பதைப் பரிசோதகர் சொல்லித் தருவார். அரைமணி நேரம் கழித்து எஞ்சிய குளோரீன் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாதிருக்கிறதா என்று அவர் கையிலுள்ள நிறங்காட்டியால் பார்க்கலாம். பின்னர் அக்கிணற்றிலே நீர் அள்ளுவோர் யார் யார் என்று பிள்ளைகள் ஒரு பட்டியல் எழுதட்டும். பரிசோதகர் வரும் நாளை முன்கூட்டியே கேட்டறிந்து கொண்டால் அந்த வாரத்துப் பாடத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.